மூணு கட்டை

மேகலா பல்லவியை எடுத்துவிட்டாள். இனி இரண்டு இடையிசை, இரண்டு சரணம், கடைசியில் ஒருமுறை பல்லவி, அவ்வளவுதான் எனக்கு இருக்கும் நேரம், அதற்குள் என் கையில் எத்தனை விரல் நீளப்போகிறது என்று நான் தீர்மானித்தாக வேண்டும். கை தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றிக் கவலையில்லை, பேஸ் கிட்டார்க்காரனின் கைக்குத் தனியாக ஒரு மூளை உண்டு, நான் நாளைக்கு என்ன சமையல் என்று யோசித்தாலும் அது தப்பாமல் வாசிக்கும். எங்கள் லூர்து இன்னிசைக் குழுவில் சுருதியை விரலில்தான் காட்டுவோம், டிரம்ஸும் ஸ்பீக்கரும் அலறும்போது காதுக்குள் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது, அதனால் குழுவை நடத்துகிற நான் கையைத் தூக்கினால் எல்லோரும் பார்ப்பார்கள், ஐந்து விரலும் விரிந்தால் ஐந்து கட்டை, மூன்று விரல் என்றால் மூணு கட்டை. அடுத்த பாட்டு எது என்பதில் சந்தேகமே கிடையாது, மேகலா கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடும் இந்தப் பாட்டு முடிந்ததும் அந்தக் காதல் பாட்டுதான், ஆண் குரல் தனியாகப் பாடுவது, ரெக்கார்டில் ஐந்து கட்டை, திண்டுக்கல் வட்டாரத்தில் எங்களைக் கூப்பிட்ட எந்தக் கல்யாண ரிசப்ஷனிலும் இந்த வரிசை மாறியதில்லை. இன்றைக்குத்தான் இப்படி. "அஞ்சு காட்டினா அந்தத் தம்பி எந்திரிச்சுப் பாடட்டும், மூணு காட்டினா நான் எந்திரிக்கிறேன், நீ எதக் காட்டினாலும் எனக்கு வருத்தமில்ல மாப்ளே" என்று மத்தியானம் எங்கள் பாடகன் ஞானதுரை சொன்னான். வருத்தமில்லை என்று சொல்கிறவன் முகம் எனக்குத் தெரியாதா. அதோ மேடை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தைச் சுற்றி மப்ளர், மடியில் வெந்நீர் பிளாஸ்க், தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டு நாற்காலி தள்ளி மதுரையிலிருந்து வந்திருக்கும் தினகர், மினுமினுக்கும் நீலக் கோட்டு, தொடையில் தாளம் போடுகிறான். நல்ல பாடகன், மரியாதையான ஆள், என்னையும் துரையையும் வாய் நிறைய அண்ணே என்கிறான், அவன் மேல் கோபப்பட ஏதாவது கிடைத்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருக்கும்.

முதல் இடையிசை வந்துவிட்டது, இது எனக்குப் பிடித்த இடம், பேஸ் மட்டும் கொஞ்சம் மேலே ஏறி இறங்கும், யாருக்கும் கேட்காது, எனக்குக் கேட்கும். இதை வாசித்த மனிதனின் பெயர் எனக்குத் தெரியாது. எந்த ஸ்டுடியோவில் எந்த மூலையில் உட்கார்ந்து வாசித்தாரோ, வாசித்து முடித்துச் சட்டையை உதறிக்கொண்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாரோ, கேசட் அட்டையில் அவர் பெயரைப் போடவில்லை. ஆனால் நான் சாப்பிட்டதெல்லாம் அவர் போட்ட சாப்பாடு. எந்தப் பாட்டானாலும் முதல் சுரத்தைத் தொடும்போது மனசுக்குள் அவரை ஒருமுறை கும்பிட்டுக்கொள்வேன், ஸ்டெல்லாவுக்குக்கூட, என் மனைவிக்குக்கூட, இது தெரியாது, தெரிந்தால் அந்தோணியாரை விட்டுவிட்டு இவர் யார் புதுப் புனிதர் என்று கேட்பாள். அவர் பத்து விரலால் யோசித்து வைத்ததை நான் காது தேயக் கேட்டுக் கேட்டு எடுத்துக்கொண்டேன், அவர் திருப்பிக் கேட்கவில்லை. என்ன ஒரு பெரிய மனசு. என் அம்மா முதல்முதலாக என் கச்சேரியைப் பார்த்துவிட்டு, "நீ கையை ஆட்டிக்கிட்டே இருந்தியேப்பா, ஒண்ணும் சத்தமே வரலியே" என்றாள், நான் சிரித்துவிட்டேன், ஆனால் பஸ்ஸில் வரும்போது அது நெஞ்சில் உறுத்திக்கொண்டேதான் வந்தது, அப்போது பக்கத்து சீட்டில் இருந்த துரை, எதுவுமே கேட்காமல், "அவுங்களுக்கு என்ன தெரியும், நீ ஒரு நிமிசம் நிறுத்தினா எனக்குக் காலுக்குக் கீழ தரையில்லாத மாதிரி இருக்கும்" என்றான். பாடகன் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பாடகர்கள் மைக்கைப் பற்றியும் எக்கோவைப் பற்றியும்தான் பேசுவார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் இத்தனை வருஷம் வாசித்துவிட்டேன்.

முதல் சரணம். மேகலா கண்ணை மூடிப் பாடுகிறாள், நல்லவேளை, திறந்திருந்தால் என்னைப் பார்த்து முறைப்பாள். எதிர்மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் பரிசுப் பெட்டிகளை வாங்கி வாங்கிப் பின்னால் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், வாசல் பக்கம் இன்னும் வெளிச்சம் இருக்கிறது, ஐஸ்கிரீம் மேஜைக்குப் பக்கத்தில் பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார், எங்களைப் பேசி அமர்த்தியவர் அவர்தான். "எல்லாம் உங்க இஷ்டம், ஆனா அந்த ஒரு பாட்டு மட்டும் ரெக்கார்டு போட்ட மாதிரி இருக்கணும், எங்க மச்சானுக்கு அது உசிரு" என்று அடுத்து வரும் அந்தக் காதல் பாட்டைத்தான் சொல்லியிருக்கிறார். ரெக்கார்டு போட்ட மாதிரி. அதைக் கொடுத்தவன்தானே ஞானதுரை. அந்தப் பெரிய பாடகரின் குரலை அவன் அப்படியே கொண்டுவருவான், அவர் மூச்சு எடுக்கும் இடத்தில் எடுப்பான், அவர் லேசாகச் சிரிக்கும் இடத்தில் சிரிப்பான், ஒரு பாட்டில் அவருக்குத் தொண்டை கொஞ்சம் அடைக்கும், அதையும் விடமாட்டான். அறிவிப்பாளர் அவனை அந்தப் பாடகரின் பெயருக்கு முன்னால் ஜூனியர் என்று சேர்த்துத்தான் அழைப்பார், நோட்டீஸிலும் அப்படித்தான், ஞானதுரை என்ற பெயரை மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் மனைவி ஒருமுறை ஸ்டெல்லாவிடம், "வீட்டுல பாடவே வேணாம்னு சொல்லிட்டேன்க்கா, இவரு பாடுனா வேற யாரோ ஆம்பளை வீட்டுக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்கு" என்றாளாம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், துரையும் சிரித்தான். பிறகு கழுத்தில் ஒரு கட்டி, ஆபரேஷன், குரல் வந்தாலும் வரலாம் வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் மேகலாவும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பேசச் சொன்ன அன்றைக்கு அவனைச் சுற்றி நின்றோம். ஏதாவது சொல்லுங்க என்றார் டாக்டர். அவன் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "டீ" என்றான். கரகரவென்று, அடியிலிருந்து, பாத்திரம் தேய்க்கிற மாதிரி. அவன் மனைவி அழுதாள், மேகலா அழுதாள், நான் மட்டும் வெட்கமில்லாமல் சுருதி பார்த்தேன், என்ன செய்வது, பிழைப்பு அப்படி. மூணு கட்டை. சுத்தமான மூணு கட்டை, என் கிட்டாரில் ஆகத் தடித்த கம்பியை இடது விரல் எதுவும் வைக்காமல் சும்மா தட்டினால் வருமே, அது. கர்த்தரே, நன்றி என்றேன், டீ வாங்கப் போனேன்.

நன்றி சொன்னதோடு நான் நின்றிருக்கலாம், ஆனால் குழுவை நடத்துகிறவன் நன்றியோடு நிற்க முடியாது. துரை திரும்பி வந்து ஐந்து கட்டையில்தான் பாடுவேன் என்று நின்றான், பாடினான், மேல் ஸ்தாயி போகும்போது கழுத்து நரம்பெல்லாம் தெரியும், போய்ச் சேராது, பழனி ரோட்டில் ஒரு கல்யாணத்தில் ஒரு அம்மா எழுந்து வந்து, "அவருக்கு உடம்பு சரியில்லன்னா விட்டுடுங்கப்பா" என்று என்னிடம் இரக்கப்பட்டுச் சொல்லிவிட்டுப் போனார். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அதற்கப்புறம்தான் தினகரைக் கூப்பிடலாமா என்று விசாரித்தேன். அப்போதுதான் மேகலா பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நாம இத்தன வருசமா கார்பன் பேப்பர் வச்சுத்தான் எழுதிக்கிட்டு இருக்கோம். அந்தக் கார்பன் கிழிஞ்சிருச்சு. இன்னொரு கார்பன் வாங்கிட்டு வர்றேங்கறீங்க" என்றாள். பகலில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள், பேச ஆரம்பித்தால் போர்டில் எழுதுகிற மாதிரிதான் பேசுவாள். "அதே பாட்டு. ஆனா ரெக்கார்டு மாதிரி வேணாம். நம்ம ஆளுக்கு எது வருதோ அந்தச் சுருதியில, நம்ம கிட்ட என்ன இருக்கோ அத வச்சு. யாரோட குரல்லன்னும் அறிவிக்க வேணாம். தினகரும் இருக்கட்டும், யாரு வேணாங்கறா, அவரு பாட்ட அவரு பாடட்டும். துரையண்ணன் பாட்டத் துரையண்ணன் பாடணும்." சொல்வது சுலபம். இந்த ஊரில் எங்களைக் கூப்பிடுகிறவர்கள் எதற்காகக் கூப்பிடுகிறார்கள், பழகிய ஒன்று பழகிய மாதிரியே வரும் என்றுதானே. மூணு கட்டைக்கு இறக்கி அவன் மூச்சுக்குத் தகுந்தபடி மெதுவாக எடுத்தால் பாட்டே வேறாகிவிடும், அந்தப் பெயர் தெரியாத மனிதர் போட்டுக்கொடுத்த பேஸ் உட்காராது, நான் வேறு ஏதாவது சொந்தமாக வாசிக்க வேண்டும். சொந்தமாக! அவர் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு அவர் இலையிலேயே உப்பில்லை என்று எழுந்திருக்கிற மாதிரி இருக்காதா. துரை தோற்றுப்போனால்? தினகர் பாடினால் துரை தோற்கவே வேண்டியதில்லை, நாற்காலியில் கௌரவமாக உட்கார்ந்திருக்கலாம், அப்புறம் ஒருநாள் வராமல் இருக்கலாம், அப்புறம் நாற்காலியும் வேண்டியிருக்காது. மூணு காட்டி, ஜனங்கள் பேச்சுக் குரலை உயர்த்தி, தாய்மாமன் மேடைக்கு வந்து கையை ஆட்டினால், அவனை எழுப்பி நிறுத்தி அவமானப்படுத்தியவன் நானாகத்தான் இருப்பேன்.

மத்தியானம் மண்டபத்துக்குப் பின்னால் சமையற்கூடத்தில் ஒத்திகை பார்த்தோம், அதையும் ஒத்திகை என்று சொல்ல முடியாது, கரண்ட் போய்விட்டது, கீபோர்டு செத்துப்போயிற்று, என் கிட்டாரும் ஊமை, ஒரு சாதாரண கிட்டாரும் டோலக்கும்தான் மிச்சம். சும்மா இருக்கிற நேரத்துக்குப் பாடிப் பார்ப்போமே என்று மேகலாதான் கிட்டாரை எடுத்து மூணு கட்டையில் மெதுவாக ஆரம்பித்தாள், துரை வேண்டா வெறுப்பாகத்தான் பாடினான், சிரிக்கும் இடத்தில் சிரிக்கவில்லை, மூச்சை அவனுக்கு முட்டும் இடத்தில் எடுத்தான். அந்தக் கரகரப்பு அப்படியே இருந்தது. பாட்டில் ஒரு வரி, மனைவியிடம் வயதாவதைப் பற்றிச் சொல்கிற வரி, எத்தனையோ மேடையில் அதற்குக் கீழே ஓடி ஓடி வாசித்திருக்கிறேன், அதற்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பூண்டு உரித்துக்கொண்டிருந்த சமையல்காரர் இரண்டாவது சரணம் வரை கேட்டுவிட்டு, "இது என்ன பாட்டு சார், புதுசா?" என்றார். பல்லவி திரும்ப வந்ததும், "அட, அதுவா!" என்று தலையில் தட்டிக்கொண்டார். துரையின் முகம் சுருங்கிவிட்டது. "பாத்தியா மாப்ளே, என்ன பாட்டுன்னே தெரியல அவருக்கு." மேகலா விடவில்லை. "அதுதாண்ணே வேணும். எப்பவும் முத வரியில தெரிஞ்சு போயி கறிவேப்பில உருவப் போயிருவாரு. இன்னைக்கி என்ன பாட்டுன்னு தெரியாததால கடைசி வரைக்கும் கேட்டாரு." இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருந்தது. அப்போதுதான் துரை விரல் கணக்கைச் சொன்னான், அஞ்சுன்னா தம்பி, மூணுன்னா நான் என்று, தினகரும் அதைக் கேட்டுவிட்டு, "அண்ணே, நான் எப்ப வேணாலும் பாடிக்குவேன், நீங்க பாருங்க" என்றான். கரண்ட் வந்துவிட்டது, எல்லோரும் எழுந்து போனோம்.

முதல் சரணம் முடிந்து பல்லவி, இதோ இரண்டாவது இடையிசை, வயலின் வரப்போகிறது, அதற்கப்புறம் எங்கள் வெட்டு. அதை நினைத்தால் எந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வரும். இந்தப் பாட்டை நாங்கள் துரை வீட்டுக் கேசட்டில் கேட்டுத்தான் படித்தோம், அந்தக் கேசட் எப்போதோ பிளேயரில் சிக்கி அறுந்து, அவன் தங்கச்சி சிக்கிப்போன நாடாவை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை நெயில் பாலிஷ் வைத்து ஒட்டியிருக்கிறாள், எங்களுக்கு யார் சொன்னார்கள். வயலின் ஏறும், ஏறிக்கொண்டிருக்கும்போதே டப்பென்று தவில் வந்து விழும், என்ன ஒரு கற்பனை, இப்படி ஒரு இடத்தில் வெட்ட யாருக்குத் தோன்றும் என்று நாங்கள் வியந்து வியந்து, தலை போகிற மாதிரி பழகி, அச்சு அசலாக வாசித்தோம். ஆறேழு வருஷம் வாசித்தோம். அப்புறம் போனில் முழுப்பாட்டும் வந்தபோது பார்த்தால், வயலினுக்கும் தவிலுக்கும் நடுவே ஒரு புல்லாங்குழல் ஆற அமர வருகிறது, அதற்குக் கீழே அந்த மனிதரின் பேஸும்தான், நான் ஒருநாளும் கேட்டிராதது. வெட்கமாகப் போய்விட்டது, திருத்திக்கொண்டோம், சின்னாளப்பட்டி திருவிழாவில் புல்லாங்குழலோடு முழுசாக வாசித்தோம், வாசித்து முடிப்பதற்குள் முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "ஏய், தப்பா வாசிக்கிறானுக, அந்தத் தவில் எங்கப்பா?" என்று கத்தினார், பின்னாலிருந்து விசில். அவர்களுக்கு அந்த வெட்டில் கை தட்டிப் பழகிவிட்டது. மறுநாளே பழையபடிக்கு வந்துவிட்டோம். இதோ வயலின் ஏறுகிறது, மேகலாவின் வலது கை, ஏறுகிறது, டப், தவில், மண்டபம் முழுக்கக் கைதட்டல், தாய்மாமன்கூட ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டுகிறார். ரெக்கார்டு போட்ட மாதிரி வேண்டும் என்று கேட்டவர்.

ரெக்கார்டு போட்ட மாதிரி. இந்தக் கைதட்டல் ரெக்கார்டுக்கா விழுகிறது? நெயில் பாலிஷுக்கு விழுகிறது. இரண்டாவது சரணம் ஆரம்பித்துவிட்டது, நான் அவசரமாக யோசிக்கிறேன், அந்தப் பெயர் தெரியாத மனிதரின் வாசிப்பில் ஒரு துண்டை நாங்கள் குப்பையில் போட்டுவிட்டு இத்தனை வருஷம் வாசித்திருக்கிறோம், அவர் வந்து சண்டை போட்டாரா, அவருக்கு நன்றி சொல்வதை நான் நிறுத்தினேனா, அவர் சோற்றைப் போட்டவர், இப்படித்தான் பிசைந்து தின்ன வேண்டும் என்று சொன்னவரில்லை. நான்தான் பயந்துகொண்டிருக்கிறேன். நன்றியையும் பயத்தையும் ஒரே பையில் போட்டு வைத்துவிட்டு எது எது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருக்கிறேன். அவருக்குச் சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லியாகிவிட்டது, இன்றைக்கும் முதல் சுரத்தில் சொன்னேன். துரைக்கு? தரையில்லாத மாதிரி இருக்கும் என்று சொன்னானே, பஸ்ஸில், அம்மா இறங்கிப் போனதற்கப்புறம் என் தோளைத் தட்டிவிட்டு, அதற்கு நான் ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. டீ என்று சொன்னானே, அந்த ஒரு எழுத்துக்கு அழாத குறையாக நன்றி சொன்னேன், அதே குரல் ஒரு பாட்டாக வந்து நிற்கும்போது அஞ்சு விரலைக் காட்டி வேண்டாம் என்பதா? ஜனங்களுக்குப் பிடிக்குமா என்பது எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது. தாய்மாமன் கையை ஆட்டினாலும் ஆட்டுவார். ஆட்டட்டும்.

கடைசிப் பல்லவி. சைகை காட்டுவதென்றால் வலது கையைக் கம்பியிலிருந்து எடுக்க வேண்டும், எடுத்தால் பேஸ் நின்றுபோகும், வழக்கமாகப் பாட்டு முடிந்த பிறகுதான் காட்டுவேன், இன்றைக்கு அதுவரை பொறுத்தால் மறுபடி யோசிக்க ஆரம்பித்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. எடுத்துவிட்டேன். பேஸ் நின்றுவிட்டது. மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை, ஸ்பூன் சத்தம், பேச்சுச் சத்தம், குழந்தை அழுகிற சத்தம் எல்லாம் அப்படியே இருக்கிறது, மேடை ஓரத்தில் ஒரு தலை மட்டும் சட்டென்று நிமிர்கிறது. ஞானதுரை என் கையைப் பார்க்கிறான். மூன்று விரல். அவன் தன் கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறான், புருவத்தை உயர்த்தி, நிஜமாகவா, யோசிச்சுக்கோ என்று கேட்கிற மாதிரி. நான் மூன்றை இறக்கவில்லை. தினகர் எழுந்து வந்து துரையின் பிளாஸ்க்கைக் கையில் வாங்கிக்கொள்கிறான், எந்திரிங்கண்ணே என்று சொல்வது உதட்டில் தெரிகிறது. மேகலா பாட்டை முடிக்கிறாள், கைதட்டுகிறார்கள், அவள் என் விரல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீபோர்டில் எதையோ தேடுகிற மாதிரி தேடுகிறாள். துரை எழுந்து மப்ளரை அவிழ்த்து நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு வருகிறான், கழுத்தில் அந்தத் தழும்பு, லைட்டில் நன்றாகத் தெரிகிறது. அறிவிப்பாளர் வழக்கம்போல மைக்கை எடுத்து, இப்போது உங்கள் முன்னால் ஜூனியர் என்று ஆரம்பிப்பதற்குள் துரை அவர் கையைப் பிடித்து மைக்கை வாங்கிவிட்டான். "எல்லாருக்கும் வணக்கம்," என்கிறான், கரகரவென்று, அடியிலிருந்து. "நான் ஞானதுரை. பாடுறேன்." பாடுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறான், நான் இடது கையை எடுத்துவிட்டுத் தடித்த கம்பியைச் சும்மா தட்டுகிறேன்.